காலை மாத்திரை போட்டேனா?

பெங்களூர் அல்சூர் பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு பாட்டியைப் பார்க்கலாம். வயது 75 இருக்கும். நூறு பாட்டு உள்ள அந்தாதியைப் புத்தகம் இல்லாமல் கடகடவென்று சொல்வார். நடுவில் பால் பொங்கினால் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மகன், "பி.பி. மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று கேட்டால் மட்டும் திணறுவார். "போட்ட மாதிரிதான் இருக்குப்பா. அது இன்னைக்கா நேத்தான்னுதான் தெரியலை."

அன்று ராத்திரியே மகன் கைபேசியில் மறதி நோயின் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருப்பார்.

தேடுவதில் தப்பில்லை. அதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்; மீதிப் பாதியை எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஞாபகத்துக்கென்று மூளையில் ஒரே இடம் கிடையாது. தனித்தனியாக நான்கைந்து ஏற்பாடுகள் இருக்கின்றன. வயது எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி கை வைப்பதில்லை.

இது முதன்முதலில் தெளிவாகத் தெரியவந்தது ஒரு துயரமான சம்பவத்தால். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயதுக்காரருக்குத் தீராத வலிப்பு. அதை நிறுத்துவதற்காக மூளையின் இரண்டு பக்கமும் உள்ள ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்கப்புறம் நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரைச் சோதித்தார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு மில்னர் புது ஆள்தான். அதே மொலைசனிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரப் படத்தின் மேல் கோடு போடச் சொன்னார்கள். நாளுக்கு நாள் கை தேறியது. மூன்றாம் நாள் கிட்டத்தட்டப் பிசகாமல் போட்டார். ஆனால் அதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. கை கற்றுக்கொண்டது வேறு எங்கோ பதிவாகியிருக்கிறது, நடந்த சம்பவம் பதிவாக வேண்டிய இடம்தான் போய்விட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

பாட்டியிடம் வருவோம். நூறு தடவை, ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி உருவேறிய பாட்டு, முதுமையில் கடைசியாகப் போகிறவற்றில் ஒன்று. அதிலும் அந்தாதியின் கட்டுமானமே ஞாபகத்துக்காகச் செய்தது போல இருக்கும். ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அதிலிருந்துதான் அடுத்தது தொடங்கும். ஆக, ஒவ்வொரு பாட்டும் அடுத்த பாட்டைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. ராகமும் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். நினைவை வெளியே எடுக்க ஒரு துப்பு வேண்டும் என்று இன்றைய உளவியல் சொல்வதை நம் புலவர்கள் யாப்பிலேயே வைத்துவிட்டார்கள்.

மாத்திரைக்கு அப்படித் துப்பு எதுவும் இல்லை. தினமும் அதே வெள்ளை மாத்திரை, அதே டம்ளர், அதே சமையலறை மூலை. நேற்றைய காலையையும் இன்றைய காலையையும் பிரித்துக்காட்ட ஒன்றும் கிடையாது. தவிர, போடும்போது மனது குக்கர் விசிலில் இருந்திருக்கும். கவனம் இல்லாமல் செய்த காரியம் மூளையில் ஏறுவதே இல்லை. ஏறாததை அப்புறம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? "வீட்டைப் பூட்டினேனா?" என்று எலக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் பாதி வழியில் யோசிக்கும் முப்பது வயதுக்காரருக்கும் இதேதான் நடக்கிறது. அவர் அதை மறதி நோய் என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

வயதாவதால் நிஜமாகவே மாறுவது என்ன? முதலில் வேகம். இருபதுகளின் பிற்பகுதியிலிருந்தே மூளை ஒரு விஷயத்தைக் கையாளும் வேகம் மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. அறுபதில்தான் அது நம் கண்ணில் படுகிறது. இரண்டாவது, ஒரே நேரத்தில் பல விஷயங்களை மனதில் பிடித்து வைத்திருக்கும் திறன். சாதாரண மனிதருக்கு இளமையிலேயே நான்கு விஷயத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். (நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்து, ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் போன்றவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) டிவி ஓடும்போது யாராவது ஓ.டி.பி. எண் சொன்னால் பாட்டி தடுமாறுவது இதனால்தான். மூன்றாவது, ஹிப்போகேம்பஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. மறதி நோய் இல்லாத முதியவர்களுக்கும் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்கும் என்கிறார்கள். அதனால் புதிய சம்பவங்கள் முன்பு போல் அழுத்தமாகப் பதிவதில்லை.

பெயர்கள் முதலில் நழுவுவதும் இயல்புதான். ஒருவர் தையல்காரர் என்று தெரிந்தால் அவர் கடை, மிஷின் சத்தம், தைக்காமல் இழுத்தடித்த ஜாக்கெட் என்று ஒட்டிக்கொள்ள ஏராளம் உண்டு. பெயருக்கு அப்படி ஒரு பிடிமானமும் இல்லை. முகம் தெரியும், ஊர் தெரியும், மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார் என்பது கூடத் தெரியும், பேர் மட்டும் நாக்கு நுனியில் நிற்கும். அரை மணி கழித்து வெங்காயம் நறுக்கும்போது தானாக வந்து விழும். வந்து விழுகிறது என்றாலே பதிவு பத்திரமாக இருக்கிறது, எடுக்கும் வழிதான் மெதுவாகிவிட்டது என்று அர்த்தம்.

அதே சமயம் சொல்வளம் அறுபது எழுபது வயது வரை கூடவோ நிலைத்து நிற்கவோ செய்கிறது. உலக அறிவும் அப்படியே. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் நடந்தவை மற்ற பருவங்களைவிட அதிகமாக நினைவில் நிற்கும்; கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கிய நாளைத் தாத்தா விலாவாரியாகச் சொல்லிவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டோம் என்று முழிப்பதில் வியப்பில்லை.

சரி, எது இயல்பு இல்லை? சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது பரவாயில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசித்தால் கவனிக்க வேண்டும். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட சாலையில் குழம்புவது எல்லோருக்கும் நடக்கும், பெங்களூரில் வாராவாரம் நடக்கும். முப்பது வருஷமாக நடந்துபோன சோமேஸ்வரர் கோவிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால் அது வேறு. ஒரே கேள்வியை, பதில் கிடைத்த நினைவே இல்லாமல் கால் மணிக்கொரு தடவை கேட்பது, சில்லறை எண்ணத் தெரியாமல் போவது, கைவந்த சாம்பாரில் அடுத்து என்ன போட வேண்டும் என்று திகைப்பது, குணம் மாறுவது. இவை டிமென்ஷியாவின் அடையாளமாக இருக்கலாம். மறதி நோய் என்று நாம் சொல்லும் டிமென்ஷியா பல நோய்களுக்குப் பொதுவான பெயர்; அதில் அதிகம் வருவது அல்சைமர். இன்னொரு அனுபவ விதியும் உண்டு. "எனக்கு மறதி அதிகமாயிடுச்சு டாக்டர்" என்று தானே வந்து நாள், இடம் சகிதம் உதாரணங்களை அடுக்குகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். "எனக்கு ஒண்ணும் இல்லை, இவங்கதான் சும்மா கூட்டிட்டு வந்திருக்காங்க" என்று சொல்லும்போது பின்னால் நிற்கும் மருமகள் முகம் வாடியிருந்தால், டாக்டர் நிமிர்ந்து உட்கார்வார்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனால் நூறில் தொண்ணூற்று மூன்று பேர் அந்தப் பக்கம் இல்லை என்பதும் அதே கணக்குதான்.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. மறதி நோய் போலவே தெரியும், ஆனால் மறதி நோய் அல்ல. நம் வீடுகளில் இவைதான் அதிகம் தவறிப்போகின்றன என்பது என் கருத்து. ஏனென்றால் "வயசாச்சு" என்ற ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். பி12 விட்டமின் குறைபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது அசைவ உணவிலும் பாலிலும்தான் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர், சுகருக்கு மெட்ஃபார்மின் நெடுநாளாகப் போடுகிறவர், அசிடிட்டிக்குத் தினமும் மாத்திரை விழுங்குகிறவர் என்று மூன்றும் ஒரே ஆளாக இருந்தால், பி12 குறைய எல்லா வாய்ப்பும் உண்டு. மறதி, கால் மரத்துப்போதல், தள்ளாட்டம் எல்லாம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். தைராய்டு சுரப்புக் குறைவும் இதே வகைதான். மனச்சோர்வு இன்னும் தந்திரமானது. கணவர் போனபிறகு சொந்த ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு சர்ஜாபூர் ரோடு அடுக்குமாடிக்கு வந்த அம்மா எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருந்தால், கேட்டது மனதில் பதியாது. பார்க்கிறவர்களுக்கு அது மறதியாகத்தான் தெரியும்.

அப்புறம் மருந்துகள். ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், சில தூக்க மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்கக் கொடுக்கும் சில மருந்துகள் முதியவர்களின் மூளையை மந்தமாக்கும். சில பி.பி. மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துக் குழப்பத்தைக் கொண்டுவரும். கீழே விழுந்து தலையில் லேசாக அடிபட்டு, சில வாரங்கள் கழித்து மறதியோ தள்ளாட்டமோ வந்தால் மண்டைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று உளறினால் அது எந்த வகை மறதியும் இல்லை. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ பக்கவாதமோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

இனி, புத்தியைக் கூர்மையாக வைத்துக்கொள்வது. இந்தப் பேச்சை எடுத்தாலே சுடோகு, குறுக்கெழுத்து, வல்லாரை, பாதாம் என்று ஆரம்பிக்கிறார்கள். வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். மறதி நோயைத் தடுக்கும் என்று சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் சான்று இல்லை. மூளைப் பயிற்சிச் செயலிகள் விஷயமும் இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. அமெரிக்காவில் 2,832 முதியவர்களை வைத்துச் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், எந்தப் பயிற்சி கொடுத்தார்களோ அந்தத் திறன்தான் கூடியது. மற்றதற்கு அது பெரிதாகப் பரவவில்லை. சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். பிடித்திருந்தால் போடுங்கள்.

உண்மையில் ஞாபகத்தைக் காப்பாற்றுகிற காரியங்கள் பெரும்பாலும் தலைக்கு வெளியே இருக்கின்றன. காதிலும், ரத்தக்குழாயிலும், காலிலும், பக்கத்து வீட்டிலும். 2024-ல் லான்செட் ஆய்விதழின் நிபுணர் குழு, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. அவை அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அது மொத்த மக்கள்தொகைக்கான கணக்கு. தனி ஒருவருக்குக் கொடுக்கும் உத்தரவாதம் இல்லை.

அதில் நம்மவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது காது. கண்ணாடி போட்டுக்கொள்ள யாரும் வெட்கப்படுவதில்லை, காதுக் கருவி என்றால் மட்டும் "எனக்கென்ன செவிடா?" என்று கோபம் வருகிறது. சரியாகக் கேட்காதபோது மூளை ஒவ்வொரு வார்த்தையையும் ஊகித்துப் பிடிப்பதிலேயே களைத்துவிடும். கேட்டதை நினைவில் வைக்கத் தெம்பு மிச்சமிருக்காது. கொஞ்ச நாளில் பேச்சில் கலந்துகொள்வதையே நிறுத்திவிடுவார்கள். 2023-ல் வந்த ஒரு பெரிய சோதனையில், காதுக் கருவி கொடுத்த எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இதய நோய் போன்ற ஆபத்துகள் ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களிடம் மூன்று ஆண்டுகளில் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. கண்புரை இருந்தால் அதையும் எடுத்துவிடுவது நல்லது. பார்வைக் குறைவும் 2024 பட்டியலில் புதிதாகச் சேர்ந்த ஒன்று.

பி.பி.யும் சுகரும் மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன. கெடுதல் நடப்பது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும். ஆகவே அம்மாவின் மாத்திரையை நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்கும் 45 வயது மகன், கடைசியாகத் தன் பி.பி.யை எப்போது பார்த்தார் என்று கேட்டுக்கொள்வது அதைவிட அவசரம். அவர் பைக்கில் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து அரை ஹெல்மெட்டோடு சில்க் போர்டு வழியாகப் போகிறவராக இருந்தால், தலைக்காயமும் அந்தப் பட்டியலில் உண்டு.

நடைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் வேகமாக நடந்தவர்களுக்கு ஓர் ஆண்டில் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது. கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது வழக்கம்போலச் சுருங்கியது. அல்சூர் ஏரிக்கரையோ லால்பாகோ, மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு நடந்தால்தான் கணக்கு.

கடைசியாக, பெங்களூர்த் தமிழர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய ஒன்று: பல மொழி. சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவர் இப்போது இங்கே நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இருக்கிறார். ஹைதராபாத்தில் இருந்தபோது அவரும் குழுவினரும் 648 டிமென்ஷியா நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. ஆகவே இது படிப்பின் பலன் மட்டும் என்று தள்ளிவிட முடியவில்லை.

இதற்கு விளக்கம், மூளையில் சேர்ந்திருக்கும் கையிருப்பு. பிரதான சாலையை மறித்துவிட்டாலும் சந்து பொந்தெல்லாம் தெரிந்த ஆட்டோக்காரர் வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார் அல்லவா, அப்படி. அமெரிக்காவில் கன்னியாஸ்திரீகள் 678 பேரைத் தொடர்ந்து கவனித்து, இறந்தபின் மூளையையும் பரிசோதித்த டேவிட் ஸ்னோடன், மூளை முழுக்க அல்சைமர் படிவுகள் இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்களைக் கண்டார்.

அல்சூர் பாட்டி காய்கறிக்காரரிடம் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு, துணிக்கடையில் தக்கனி உருது, வீட்டில் தமிழ் என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பேசுகிறார். ஒவ்வொரு தடவையும் மூன்று மொழியை அடக்கி வைத்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அது இலவசப் பயிற்சி. வேறு ஊர்களில் செய்த சில ஆய்வுகள் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 65 வயதில் புது மொழி கற்றால் நோய் தள்ளிப்போகும் என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆனாலும் ஊரிலிருந்து வந்து பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது பேச்சுக் கன்னடம்தான். லிஃப்டில், பூக்காரரிடம், பார்க் பெஞ்சில் நாலு பேரோடு பேச்சு தொடங்கும். தனிமையும் அந்த 14-ல் ஒன்று.

மாத்திரைப் பிரச்சினைக்கு மட்டும் எளிய வழி உண்டு. கிழமை போட்ட மாத்திரை டப்பா ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. "செவ்வாய் மாத்திரை போட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் அந்த நாள் தனியாகப் பதியும். புதுப் பெயர் தங்க வேண்டுமானால் பத்துத் தடவை ஒரே மூச்சில் சொல்வதைவிட, அரை நிமிஷம் கழித்து ஒருமுறை, ஐந்து நிமிஷம் கழித்து ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று நினைவிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல தூக்கமும் வேண்டும். பகலில் பதிந்தது உறுதிப்படுவது தூக்கத்தில்தான். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சந்தேகம் வலுத்தால் நரம்பியல், முதியோர் நலம் அல்லது மனநல மருத்துவரைப் பார்க்கலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. மனச்சோர்வு என்று தோன்றினால் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள். போகும்போது கண்ணாடி, காதுக் கருவி, வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரைகள் (நாட்டு மருந்து, லேகியம் உட்பட) எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தேதி கேட்பார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள், ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்கள். சோதனையைத் தமிழில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பழக்கமில்லாத மொழியில் கேட்டால் நல்ல மூளையும் தோற்கும். அம்மா திணறும்போது மகன் வாயசைத்து உதவக் கூடாது, மொழிபெயர்க்கிற சாக்கில் துப்பு கொடுக்கவும் கூடாது. முடிந்ததும் மதிப்பெண்ணைத் தேதியோடு எழுதி வாங்கி வையுங்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதே சோதனையை மறுபடி வைத்து ஒப்பிடும்போதுதான் இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று டாக்டரால் சொல்ல முடியும்.